முதலாம் ஓலை

இன்று வாசிக்கப் போகிறார்கள்.
உன்னிடம்தான் முதலில் சொல்லவேண்டும் என்று
எல்லோருக்கும் முன்னால் வந்தேன்.

நாலரைக்கு ஆராதனை.
இப்போது மூன்றே கால்.
குண்டாற்றுப் பக்கம் சுவர் இடிந்த வழியாக
செல்போன் வெளிச்சத்தோடு
கல்லறைத் தோட்டத்துக்குள் ஒருத்தி நுழைவதைப் பார்த்து
வாட்ச்மேன் எழுந்து உட்கார்ந்தார்.
‘யாரது?’
பேர் சொன்னேன்.
‘சேலையப் பாத்து வேற ஆளுன்னு நெனச்சேன்மா.’

நானும்தான்,
கண்ணாடியில்.

நேற்றுச் சாயங்காலமே உனக்கு வெள்ளையடித்தாயிற்று.
இரண்டு கை.
சிலுவைக்கு மட்டும் மூன்றாவது கை
இப்போது அடிக்கிறேன், வாளியில் மிச்சம் இருந்தது.
உன் பேரில் கடைசி எழுத்து தேய்ந்துபோயிருந்தது.
தீக்குச்சியால் கறுப்பு பெயிண்டைத் தொட்டு எழுதினேன்:
வேதமுத்து.
கொஞ்சம் கோணல்.
அடுத்த வருஷம் கெசியா எழுதுவாள்.
அவள் கையெழுத்து உன்னுடையது மாதிரி இல்லை,
அழகாக இருக்கும்.

அவர் பேர் ஆசீர்.
கப்பலூர் டோல்கேட் தாண்டி பஞ்சர் கடை.
உன் லாரிக்கு எப்போதாவது காற்று அடித்திருக்கலாம்,
நான் கேட்கவில்லை.
அவருக்கும் ஒரு கல்லறை உண்டு, விருதுநகரில்.
இந்நேரம் அங்கே நிற்பார்,
இதே மாதிரி ஏதோ சொல்லிக்கொண்டு
அல்லது சொல்லத் தெரியாமல்
புல்லைப் பிடுங்கிக்கொண்டு.

தவக்காலத்தில் ஒரு சனிக்கிழமை
உன் சட்டைகளை எடுத்தேன்.
ஒன்பது.
காலிக் கல்லறைக்குள் குனிந்து பார்த்தவர்களுக்குத்
தலைத்துணி மட்டும் தனியே சுருட்டி இருந்ததாமே,
சாவை உதறிவிட்டு எழுந்திருக்கிறவன்
துணி மடித்துக்கொண்டா நிற்பான் என்று
வருஷா வருஷம் கேட்பாய், பிரியாணி வாசத்தில்.
எனக்கும் தெரியாது அப்போது.
போகிறவர்கள் மடித்து வைத்துவிட்டுப் போகலாம்.
இருக்கிறவளும் மடிக்கலாம்.
எட்டைக் கொடுத்துவிட்டேன்.
நீலக் கட்டம் போட்டதைப் பற்றி
இப்போது பேசவேண்டாம்.

உன் அக்கா பேசுவதில்லை, பிப்ரவரியிலிருந்து.
பாடகர் குழுவில் முன்வரிசையில்தான் நிற்பாள்.
நாற்பது நாள் பூட்டி வைத்திருந்த அல்லேலூயா
அவள் வாயிலிருந்து வரும்போது
என் பக்கம் பார்க்கிறாளா என்று பார்க்கவேண்டும்.
பார்க்காவிட்டாலும் சரி.
நன்றாகத்தான் பாடுவாள்.

ஒன்று சொல்கிறேன், ஐயரிடம் சொல்லாதே.
இந்த ஆறு வருஷமும்
நான் ஈஸ்டருக்குக் காத்திருந்தது உயிர்த்தெழுதலுக்காக அல்ல.
ஊரே வெள்ளை உடுத்திக்கொண்டு வரும்
இந்த ஒரு விடியலில்
நான் தனியாகத் தெரியமாட்டேன்.
அதற்காகத்தான்.
பாதி திருமங்கலத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு
மெழுகுவர்த்தி பிடித்து நிற்பேன்.

இன்று கிளிப்பச்சை.
கட்டும்போது கொசுவம் மூன்று தடவை நழுவியது.

இவர்கள் திருமணத்துக்குத் தடை ஏதும் உண்டென்றால்
அறிவிக்கலாம் என்று ஐயர் நிறுத்துவார்.
அந்த இடத்தில் யாராவது இருமுவார்கள், எப்போதும்.
மூன்று ஞாயிறு ஊரைக் கேட்பார்கள்.
உன்னை யாரும் கேட்கமாட்டார்கள்.
அதனால் நான் கேட்கிறேன்.

நாகர்கோவில் ரயில் வந்து, நீளமாக, போய்முடிந்தது.
சிலுவையோடு காதை ஒட்டி வைத்தேன்.
சித்திரை வெயிலை இரவிலும் விடாத கல்
சுண்ணாம்பைக் குடிக்கும்போது
மெல்ல ஒரு சத்தம் வரும்.
அவ்வளவுதான்.

பிரஷ்ஷைக் கழுவி வைத்துத் திரும்பினால்
முந்தானையில் ஒரு சொட்டு வெள்ளை.
தேய்த்தால் பரவும். விட்டுவிட்டேன்.

கேட் திறக்கிறார்கள்.
ஜெனரேட்டர் இரண்டு தடவை முக்கி, பிடித்துக்கொண்டது.
வெள்ளை வெள்ளையாக வருகிறார்கள்,
தூக்கம் கலையாத பிள்ளைகளை இழுத்துக்கொண்டு.
முன்னால் வந்த யாரோ, முகம் தெரியவில்லை,
‘கர்த்தர் உயிர்த்தெழுந்தார்’ என்றார்.

மெய்யாகவே, என்றேன்.
கொஞ்சம் சத்தமாக வந்துவிட்டது.